செவ்வாய், வெள்ளி, காலை ஆறு மணி

3 மார்ச் 2025, திங்கள்

மழை 6 மி.மீ. ரத்த அழுத்தம் 138/84. முழங்கால் பரவாயில்லை.

பதினொன்றரைக்கு ஒரு தொலைபேசி. தெரியாத எண் என்றால் நான் எடுப்பதில்லை. பூரணி எடுத்து, "உங்களுக்குத்தாங்க" என்று கையில் திணித்துவிட்டாள். பேசியவர் பெயர் பிரேமலா. கோத்தா திங்கிக்கு அப்பால், எங்கள் பழைய காற்று ஆய்வு நிலையம் இருந்த செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புத் தாமானில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். என் எண்ணைக் கொடுத்தவர் அவருடைய மாமனார் ஐயாசாமி, அந்த நிலையத்தில் மூன்று வருடம் எனக்கு உதவியாளராக இருந்தவர்.

"எங்க ஏரியா புகையில பாதிய நாங்களே போடுறோம்னு எழுதின டாக்டர் சுகுமாறன் நீங்கதானா சார்?"

பாதி அல்ல, நாற்பத்தொரு சதவீதம் என்று திருத்தினேன். திருத்திய பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

விஷயம் இதுதான். தாமானிலிருந்து அரைக் கிலோமீட்டரில் பழைய டயர்களை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலை வரப்போகிறது. கம்பெனி சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கொடுத்த அறிக்கையில் என் 2008 கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இங்குள்ள தூசில் பெரும்பங்கு குடியிருப்பவர்கள் எரிப்பதால் வருவது, ஆலை சேர்ப்பது அற்பம் என்று. மே மாதம் கூட்டம்.

"குப்பைய எரிக்காதீங்கன்னு எங்களுக்குப் பாடம் எடுக்க வர்றாங்களாம். ரெண்டு தெருவுல ஆஸ்துமா புள்ளைங்க எத்தன பேருன்னு தெரியுமா சார்?"

தரவு அப்படித்தான் காட்டியது என்றேன்.

"தரவு எங்க வீட்டுக்கு வந்து பாத்துச்சா?"

மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.


4 மார்ச், செவ்வாய்

அலமாரி மேல்தட்டிலிருந்து நான்கு பெட்டிகளை இறக்கினேன். என் கட்டுரை சரி என்று காட்டத்தான் இறக்கினேன். அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

"ரிட்டயர் ஆகி பன்னண்டு வருஷமாச்சு. இன்னும் அந்தத் தூசு நம்ம வீட்டுலதான்," என்றாள் பூரணி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடாமல்.


8 மார்ச், சனி

ஆலை அறிக்கை முழுவதும் படித்தேன். 418 பக்கம். தயாரித்த ஆலோசகர் ரூபேந்திரன். என் கடைசி ஆய்வு மாணவன், அந்தக் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லைதான்; அச்சான கட்டுரை எல்லோருக்கும் பொது.

நாங்கள் செய்ததைத் தெளிவாக ஒரு முறை எழுதிக்கொள்கிறேன். ஜூன் 2003 முதல் மே 2006 வரை, தோட்ட ஆஸ்பத்திரி மாடியில் இரண்டு கருவிகள். ஒன்று, காற்றை உறிஞ்சி நுண்தூசை வடிதாளில் பிடிப்பது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும், காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை. மற்றொன்று, ஓசோனை இடைவிடாமல் பதிவு செய்வது. விறகோ இலையோ மட்டையோ எரிந்தால் அந்தப் புகையில் பொட்டாசியம் இருக்கும். வடிதாளில் இருந்த பொட்டாசியத்தை வைத்துத்தான் உள்ளூர் எரிப்பு 41 சதவீதம் என்று கணக்கிட்டேன். அந்த எண்ணைப் பிறகு வட்டாரத் தட்பவெப்ப மாதிரிகளிலும் புகைக்கரி அளவாக எடுத்துக்கொண்டார்கள். என் பெயரை நாலு பேர் அறிந்ததே அந்த எண்ணால்தான்.

பெரிதாகச் சாதித்தவன் இல்லை நான். ஒரே ஒரு எண்.


11 மார்ச், செவ்வாய்

தூசுத் தரவில் தவறு எதுவும் இல்லை. நிறைகள், வெற்று வடிதாள்கள், ஆய்வகச் சான்றுகள் எல்லாம் ஒழுங்கு. மதியம் சும்மா ஒரு துணைச் சோதனைக்கு ஓசோன் பதிவுகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வரைந்தேன். அன்றைக்கு இதைச் செய்ததே இல்லை. ஏன் செய்யவில்லை? மணி வாரியாக, மாத வாரியாகச் செய்தேன். கிழமை வாரியாகச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து கிழமைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. செவ்வாயும் வெள்ளியும் மட்டும், காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மேலே எழும்பி இறங்குகின்றன. நூறு கோடியில் ஒன்பது பங்கு. மூன்று வருடமும்.

இங்கே சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டி. வெயில் இல்லாமல் ஓசோன் உண்டாகாது. அந்த நேரத்தில்தான் அது நாளிலேயே மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

காற்றுக்குக் கிழமை தெரியாது.


12 மார்ச், புதன்

காரணம் மின்சாரக் கோளாறு அல்ல. கருவிச் சோதனையும் அல்ல (அது திங்கட்கிழமைகளில்). லோரிகள் தினமும் போகும். செவ்வாய், வெள்ளி, காலை ஆறு: வடிதாள் மாற்றி பம்ப்பைப் போடும் நேரம். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர் ஒரே ஒருவர்.

நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நான் போனது எப்போதும் புதன், பத்து மணி.


15 மார்ச், சனி

பூரணியை அழைத்துக்கொண்டு கோத்தா திங்கி போனேன். தனியாகப் போகத் துணிவில்லை.

ஐயாசாமிக்கு எழுபத்தாறு. கண்ணில் புரை எடுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். பிரேமலா கோப்பி வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

குற்றம் கண்டுபிடிக்க வந்தவன் மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று, மழை, முழங்கால் எல்லாம் பேசிவிட்டு, "காலையில் மிசினைப் போடும்போது என்னென்ன செய்வீர்கள் அண்ணே? வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதான் சார். கையக் கழுவுவேன். கையுறை மாட்டுவேன். தாளை இடுக்கியாலதான் எடுப்பேன். ஆறு அடிச்சா பம்ப்ப போடுவேன். அப்புறம் சாம்பிராணி காட்டுவேன்."

"சாம்பிராணி?"

"ஆமா சார். கொட்டாங்குச்சி கரி போட்டு. மேல மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும்ல, காத்து இழுக்குறது? அங்கதான் நல்லா காட்டுவேன். இவ்ளோ கிட்ட." ஒரு முழம் காட்டினார். "அதுக்குப் பக்கத்துல உள்ள மிசினுக்கும்தான். ஒண்ணுக்குக் காட்டிட்டு இன்னொண்ண விடலாமா?"

"எவ்வளவு நேரம் அண்ணே?"

"கரி அடங்குற வரைக்கும். அரை மணி இருக்கும். வெலை ஒசந்த மிசினு, வெள்ளக்காரன் ஊரு மிசினு. ஆஸ்பத்திரிக்கு வர்ற சனமெல்லாம் அண்ணாந்து பாக்குது. கண்ணு படாதா? மூணு வருசத்துல ஒரு நாளாச்சும் நின்னுச்சா, சொல்லுங்க!"

நின்றதில்லை. அதைக் கட்டுரையில் பெருமையாக எழுதியிருக்கிறேன். தரவு முழுமை 98 சதவீதம்.

"செவ்வாய், வெள்ளி வச்சுக்கலாம்னு நான்தானே சார் சொன்னேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நல்ல நாளுன்னுதான்."

ஞாபகம் இருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரி வேலை குறைவான நாட்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். காரில் பூரணி என் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தினாள்.


16 மார்ச், ஞாயிறு

சொல்லாம வந்துட்டேன். அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமா சொல்றாரு, நான் தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன படிச்சேன் நான்?

ஓசோன் கருவி ஓசோனை நேராகப் பார்ப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட புற ஊதா ஒளி காற்றில் எவ்வளவு மறைகிறது என்றுதான் பார்க்கிறது. பிசின் புகையில் உள்ள சில சேர்மங்களும் அதே ஒளியை மறைக்கும். கருவி அதை ஓசோன் என்று எண்ணிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கொட்டாங்குச்சிக் கரியில் பொட்டாசியம் உண்டு என்பதும் தெரியும்.

2003-ல் முதல் திட்ட வரைவில் ஆறு நாளைக்கு ஒரு மாதிரி என்றுதான் எழுதினேன். அப்படிச் செய்தால் கிழமைகள் சுழன்று வரும். எந்தக் கிழமையின் பழக்கமும் தரவில் தங்காது. ஞாயிறு வரும் வாரங்களில் ஓவர்டைம் கிடையாது என்றார்கள் அலுவலகத்தில். நான் வாதாடவில்லை. சரி என்றேன். இந்த ஒரு "சரி"யால் பதினேழு வருடமாக அந்தத் தாமானில் இருப்பவர்கள்மேல் ஒரு பழி.

ஐயாசாமி செய்தது மிசினுக்கு மரியாதை. தவறு செய்தது நான்.


17 மார்ச், திங்கள்

ஆனால் இதுவும் ஊகம்தான். சாம்பிராணி எவ்வளவு, உண்மையான எரிப்பு எவ்வளவு? அளக்காமல் ஒன்றும் எழுதக் கூடாது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழைய தொழில்நுட்பர் ஒருவர் இன்னும் இருக்கிறார். தூசு மாதிரி எடுக்கும் கருவியை மூன்று வாரம் கடன் கேட்டேன். கேட்பதற்கு முன் என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே சரி என்றுவிட்டார்.


22 மார்ச், சனி

பின்கட்டில் கருவி. ஒரு நாள் புகையோடு, ஒரு நாள் புகையில்லாமல், இப்படிப் பன்னிரண்டு நாள். அதே சாம்பிராணி, அதே கரி, ஒரு முழம், அரை மணி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடைக்குப் போய் ஒரு பாக்கெட்டு சாம்பிராணி வாங்கிட்டு வாங்கன்னா நாப்பது வருஷமா மறந்துட்டு வருவீங்க. இப்ப ஆறு பாக்கெட்டு!" என்றாள் பூரணி. ஆனால் கரியைப் பற்றவைத்தது அவள்தான். எனக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டு ஹாஜி வேலிக்கு அப்பாலிருந்து இன்றைக்கு என்ன திருநாள் என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு சன்னல்களை மூடிக்கொண்டார்.


4 ஏப்ரல், வெள்ளி

தாள்கள் ஆய்வகத்துக்குப் போய்விட்டன. அதே மாதிரி ஓசோன் கருவி ஒன்றின் முன் தொழில்நுட்பர் ஒரு துண்டு சாம்பிராணி கொளுத்திப் பார்த்தாராம். எண் பாய்ந்து ஏறியது என்று எழுதியிருக்கிறார்.

ரூபேந்திரன் அழைத்தான். தொழில்நுட்பர் மூலமாகச் செய்தி போயிருக்கிறது.

"சார், எப்படி இருக்கீங்க, வீட்ல ஆண்ட்டி சுகமா?" அப்புறம் நேராக விஷயம். "பழைய பேப்பரக் கிண்டுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அது பதினேழு வருஷப் பேப்பர் லா சார். யாரு பாக்குறா?"

"நீ பார்த்திருக்கிறாய். 212-ஆம் பக்கத்தில்."

சிரித்தான். பிறகு குரல் இறங்கிற்று. தன் பெயரும் அதில் இருக்கிறது; இப்போது திருத்தினால் தன் அறிக்கை போகும், அலுவலகத்தில் பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். "அதோட சார், காரணம்னு என்ன எழுதுவீங்க? ஒரு தோட்டத்து ஆளு மிசினுக்குப் பூச போட்டான்னா? உலகமே சிரிக்கும். அந்தப் பெரியவர இந்த வயசுல மாட்டி விடணுமா? ஒண்ணும் பண்ணாதீங்க சார், அதுதான் எல்லாருக்கும் நல்லது."

யோசிக்கிறேன் என்றேன். வழக்கம்போல.

கடைசியாகச் சொன்னதுதான் குத்துகிறது. அவன் நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. அதனால் அது பொய்யாகிவிடாது.


14 ஏப்ரல், திங்கள்

சித்திரைப் பிறப்பு. கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால் மின்னஞ்சலில் ஆய்வக முடிவுகள். மூன்று முறை கணக்கிட்டேன்.

சாம்பிராணியைக் கழித்தால் உள்ளூர் எரிப்பு 41 அல்ல. 13. பிழை எல்லை கூட்டினாலும் 18-ஐத் தாண்டாது. நுண்தூசுச் சராசரி கனமீட்டருக்கு 31 மைக்ரோகிராம் அல்ல, 21.

பூரணி பாயசம் கொண்டுவந்து வைத்தாள். எண்ணைக் காட்டினேன். "இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டாள்.

அந்த ஊருக்கு நல்லது என்றேன்.

"அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? சாப்பிட்டுட்டு எழுதுங்க."


17 ஏப்ரல், வியாழன்

இதழுக்குக் கடிதம், நான்காவது வரைவு. முதல் வரைவில் "உதவியாளரின் அங்கீகரிக்கப்படாத செயல்" என்று எழுதியிருந்தேன். எவ்வளவு சுலபமாகக் கை அந்தப் பக்கம் போகிறது. அடித்தேன். இப்போது: "மாதிரி நாட்களை நிலையாக வைத்ததும், மாதிரி தொடங்கும் நேரத்தில் ஒரு முறையேனும் நேரில் பார்க்காததும் முதல் ஆசிரியரின் பிழைகள்."

அனுப்பும் முன் ஐயாசாமியிடம் சொல்ல வேண்டும். தொலைபேசியில் அல்ல.


19 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

பாதி வரை அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது.

"அப்ப நான்தான் கெடுத்தேனா சார்?"

"இல்லை அண்ணே. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்."

"கேட்டா சொல்லியிருப்பேன். நெறுத்தச் சொல்லியிருந்தா நெறுத்தியிருப்பேன். தூர நின்னு கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்."

பிரேமலா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு வருஷம் சார். வாரத்துக்கு ரெண்டு நாளு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு காலைல வந்து பாக்க முடியலையா? ஜொகூர் பாரு என்ன சீமையிலயா இருக்கு?"

முடிந்திருக்கும். ஒரு மணி நேரப் பாதை. அதைத்தான் சொன்னேன்: "முடிந்திருக்கும் அம்மா."

அவர் இன்னும் திட்டத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு திட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

ஐயாசாமி மட்டும், "கூட்டத்துல நான் வந்து சொல்றேன் சார்" என்றார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன்.

"நீங்களா? அப்பல்லாம் தோட்டத்துப் பெரிய தொரை வந்தா என் பின்னால நிப்பீங்களே சார்!"

இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது.


21 ஏப்ரல், திங்கள்

10.05க்கு இதழுக்கு அனுப்பினேன். ரூபேந்திரனுக்கும் நகல். அவன் கையெழுத்துப் போடவில்லை, தனியாகவே அனுப்பினேன். ரத்த அழுத்தம் 156/92.


22 ஏப்ரல், செவ்வாய்

ரூபேந்திரனிடமிருந்து ஒரே வரி: "நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை."

நானும்தான்.


3 மே, சனி

இலாகாவுக்கும் எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் பேசுவதற்கு மூன்று நிமிடம். மலாயில் ஒன்றரைப் பக்கம் தயாரித்து, பூரணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வாசித்தேன். ஐந்து நிமிடம் பத்து விநாடி. "மன்னிக்கவும்னு எட்டு எடத்துல வருது. ஒண்ணு போதும்," என்றாள்.

வெட்டினேன். இரண்டை வைத்துக்கொண்டேன்.


24 மே, சனி

டேவான் மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். காற்றாடிகள் சத்தம். மேடையில் இலாகா அதிகாரி ஒருவர், கம்பெனியார் மூவர், ரூபேந்திரன். எனக்கு முன் பேசிய சீன முதியவர் டயர் நாற்றத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், யாரும் நிறுத்தவில்லை.

என் முறை வந்தது. வாசித்தேன். 41 தவறு, அது என் தவறு, இப்போதைய மதிப்பீடு 13, மிஞ்சினால் 18, காரணம் இது. சாம்பிராணி என்ற இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு ஓடியது. இன்னும் பத்து வரி இருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

ரூபேந்திரன் மரியாதையாகவே கேட்டான். "டாக்டர், பதினேழு வருடம் 41 என்றீர்கள். இன்று 13 என்கிறீர்கள். உங்களுடைய எந்த எண்ணை நாங்கள் நம்புவது?"

இந்தக் கேள்விக்குத் தயாரித்து வைத்திருந்தது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "இரண்டையும் நம்ப வேண்டாம். ஒன்று தவறு. மற்றொன்று என் வீட்டுப் பின்கட்டில் பன்னிரண்டு நாளில் எடுத்தது. இங்கே ஒரு வருடம் அளந்து பாருங்கள். அளக்காமல் இந்த மக்கள்மேல் ஒரு எண்ணை வைக்காதீர்கள். நான் வைத்தது போதும்."

அதிகாரி குறித்துக்கொண்டார். ஐயாசாமி யாரும் அழைக்காமலே எழுந்து, தமிழும் மலாயும் கலந்து, "அந்தப் புகை நான் போட்டது. இங்க உள்ள சனங்க இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வெளியே ரூபேந்திரன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னிடம் வருவான் என்று நினைத்தேன். நானும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரம் தூங்கினேன், பகலில்.


18 ஜூன், புதன்

இதழ் ஆசிரியர் குழுவின் முடிவு. திருத்தமாக வெளியிட முடியாதாம். முக்கிய முடிவே மாறுவதால் கட்டுரை முழுவதும் திரும்பப் பெறப்பட வேண்டும். என் சம்மதம் கேட்கிறார்கள்.

திருத்தம் என்று இருந்தால் கட்டுரை இருக்கும், ஒரு குறிப்போடு. திரும்பப் பெற்றால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் எழுதிவிடுவார்கள். ஓசோன் பகுதியில் பகல் நேரத் தரவு சரியாகத்தானே இருக்கிறது? அதையாவது காப்பாற்றக் கேட்கலாமா? கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

நிறுத்தினேன். அவர்கள் சொல்வது முறை. வேறொருவர் கட்டுரையாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

சம்மதம். 4.40.


9 ஜூலை, புதன்

சிவப்பில் வந்துவிட்டது. பூரணிக்குக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "எழுத்து பெருசாத்தான் போட்டிருக்காங்க," என்றாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினாள்.

ஜெர்மனியிலிருந்து ஒரு தட்பவெப்ப மாதிரியாளர் எழுதியிருக்கிறார். 41-க்குப் பதிலாக என்ன போடுவது என்று கேட்கிறார். தெரியாது, அளந்தால் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.


30 ஜூலை, புதன்

இலாகா அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு வருடம் அந்த இடத்திலேயே அளவெடுத்த பிறகுதான் ஆலைபற்றி முடிவு. அளப்பது பல்கலைக்கழகம்; கம்பெனியின் ஆள் ஒருவர், குடியிருப்போர் சார்பில் ஒருவர் பார்வையாளர்கள். ஆறு நாளைக்கு ஒரு மாதிரி.

குடியிருப்போர் சார்பில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பிரேமலாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"தப்பு பண்ணா ஒத்துக்குற ஆளு வேற யாரும் எங்களுக்குத் தெரியாது சார். மாமாதான் சொன்னாரு. ஆனா காலைல ஆறு மணிக்கு நீங்களே வரணும். சொல்லிட்டேன்."


6 ஆகஸ்ட், புதன்

முதல் மாதிரி. 5.35க்கு அங்கே இருந்தேன். தொடங்கும்போது பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.


12 நவம்பர், புதன்

மழை 41 மி.மீ. கோத்தா திங்கி ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள்.

முதல் பதினைந்து தாள்களின் முடிவு நேற்று வந்தது. நுண்தூசுச் சராசரி 20. உள்ளூர் எரிப்பு 22 சதவீதம்.

13 அல்ல. 22. நான் கூட்டத்தில் சொன்ன எல்லையையும் தாண்டிவிட்டது. பத்து முறையாவது பார்த்திருப்பேன். புதிதாக வைத்த புகைக்கரிக் கருவியின் மணிவாரிப் பதிவில் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை ஒரு மேடு, எல்லாக் கிழமையும். ஆற்றுப் பக்கத்துக் காற்று வரும்போது அதிகம். அங்கே யாரோ எரிக்கிறார்கள். ஒருவர் இருவர் இல்லை.

இலாகாவுக்குக் கொடுக்க வெள்ளி வரை அவகாசம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தாரே அனுப்பிவிடுவார்கள், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பார்வையாளர் கையெழுத்து மட்டும். காலை எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 8.45க்கு பிரேமலாவைக் கூப்பிட்டேன். பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"அலமாக், சார்! இருவத்திரெண்டா? அந்தக் கம்பெனிக்காரன் இதப் பிடிச்சுக்குவானே!"

பிடித்துக்கொள்ளலாம் என்றேன். 41 இல்லை என்பதும் அதே தாளில் இருக்கிறது. இரண்டும் போகும்.

"கொஞ்சம் பொறுத்து அனுப்பியிருக்கலாம்ல?"

"முடியாது அம்மா. அனுப்பிவிட்டேன்."

கோபத்தில் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு அவர் கேட்டது: "எத்தன மணின்னு சொன்னீங்க? எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

மாலை 6.50க்கு வாட்ஸாப்பில் ஒரு படம். மழை விட்டிருக்கிறது, ஒரு பின்கட்டு, வாரிக் குவித்த இலையும் தென்னமட்டையும், பாதி எரிந்து, மேலே தண்ணீர் ஊற்றியதில் ஆவி கிளம்பிக்கொண்டு. ஓரத்தில் வாளியோடு ஒரு ஆண், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கீழே குரல் செய்தி:

"ஆத்துப் பக்கம், மூணாவது தெருவுல அஞ்சு வீடு சார். கொசுவுக்குன்னு சாயந்தரம் சாயந்தரம் போடுறாங்களாம். எனக்கு ஃபாக்டரில ஏழரைக்குத்தான் ஷிப்ட்டு முடியும், ஒரு நாளு கண்ணுல பட்டதில்ல. இன்னிக்கு லீவு சொல்லிட்டுப் போய்ப் பாத்தேன். அஞ்சுல ஒண்ணு எங்க வீடுதான். படத்துல நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. எழுதிக்குங்க."

பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் தெரு, ஐந்து வீடுகள், மாலை 6 முதல் 7.30. நேரில் பார்த்தவர்: பிரேமலா.